மூளைக்காயத்துக்குப் பின் வரும் கைநடுக்கம்: டெல்டா மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், மயிலாடுதுறை தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பக்கவாதத்திலோ சாலை விபத்திலோ உயிர் தப்பி, விழுந்துபோன கை மெல்ல எழுந்துவரும் நேரத்தில், அந்தக் கையே நடுங்கத் தொடங்குவது உண்டு. அடிபட்ட அன்றைக்கு இந்த நடுக்கம் வராது. நான்கு வாரம் கழித்து வரலாம். இரண்டு வருடம் கழித்தும் வரலாம். மடியில் சும்மா வைத்திருக்கும்போதே ஆடும், நீட்டினால் கூடும், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது உச்சத்துக்குப் போய்த் தண்ணீரெல்லாம் மேலே கொட்டும். நாற்று முடியைப் பிரித்து வயலில் ஊன்றவோ, திருபுவனத்துத் தறியில் அறுந்த இழையைப் பிணைக்கவோ அந்தக் கை உதவாது. ரேஷன் கடைக் கைரேகைக் கருவியில்கூட விரல் நிலைத்து நிற்காது.

வீட்டில் இதை நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். வெளிநோயாளர் சீட்டில் 'பழைய பக்கவாதம்' என்று எழுதப்பட்டு, சத்து மாத்திரையோடு ஆள் திரும்பிப் போகிறார். இந்த நடுக்கத்துக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது என்ற செய்தியே பல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

தஞ்சாவூரில் நாளைக்கே அந்த அறுவைக்கூடத்தைத் திறக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தலையில் சட்டகம் பூட்டி மூளைக்குள் மில்லிமீட்டர் கணக்கில் செய்யும் வேலை அது; ஆண்டு முழுவதும் அதையே செய்கிற குழுவிடம் இருப்பதுதான் நோயாளிக்கு நல்லது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-ல் தொடங்கிய நரம்பு அறுவைத் துறையில், டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் 1960-களிலேயே இவ்வகை அறுவைகளைச் செய்தவர்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிய வித்தை இல்லை. நாங்கள் கேட்பது வேறு. அறுவைக்கு முன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையும், அறுவைக்குப் பின் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் வேலையும் டெல்டாவுக்குள் நடக்க வேண்டும். எங்கள் பார்வையில் அறுவையின் பலன் பாதிக்கு மேல் அந்த இரண்டு வேலைகளில்தான் தங்கியிருக்கிறது.

நோயின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். 1904-ல் கார்டன் ஹோம்ஸ் விவரித்ததால் ஹோம்ஸ் நடுக்கம் என்று பெயர். நொடிக்கு நாலரை ஆட்டத்துக்கும் குறைவான, மெதுவான, வீச்சு பெரிதான நடுக்கம். சிறுமூளையிலிருந்து நடுமூளை வழியாக, மூளையின் மையத்தில் உள்ள செய்திச் சந்திப்பான தலாமஸுக்கு ஏறும் பாதையும், நடுமூளையின் கருந்திட்டிலிருந்து மேலே போகும், அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் பாதையும் சேர்ந்து அடிபடும்போது இது உண்டாகிறது. இரண்டும் நெருக்கமாக ஓடும் இடம் நடுமூளை. அதனால்தான் அங்கே சின்ன ரத்தக்கசிவு, கேவர்னோமா என்ற ரத்தக்குழாய் முடிச்சு, காசநோய்க் கட்டி, விபத்தில் மூளைத்தண்டு உலுக்கப்பட்ட காயம் எது வந்தாலும் எதிர்ப்பக்கக் கை ஆடுகிறது. சிலருக்கு ஒரு கண்ணிமை தொங்கி, எதிர்ப்பக்கக் கை நடுங்கும்; அந்த இணையைப் பார்த்தவுடனே நடுமூளையை நினைக்க வேண்டும். நடுக்கம் தாமதமாக வருவதன் காரணம், அறுந்த பாதைக்கு அப்பால் உள்ள செல்கள் உள்ளீடு இல்லாமல் மெல்ல மாறி, தாங்களாகவே தாளம்போட ஆரம்பிப்பதுதான். நரம்பின் மேலுறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் நோயில் வரும் கைநடுக்கமும், தலைக்காயத்துக்குப் பின் வரும் மற்ற நடுக்கங்களும் இதற்குப் பக்கத்து உறவு; சிகிச்சை வழியும் ஏறக்குறைய ஒன்றே.

இனி, தேர்வு. அறுவைக்கு அனுப்பும் முன்பே தாலுகா மருத்துவமனை அளவில் களைய வேண்டியவை சில உண்டு. தலைக்காயம் பட்டவர்களில் பலர் வலிப்புக்காக வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரையே நடுக்கம் தரும். இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் அளவு மிஞ்சினால் தள்ளாட்டம் வரும், அதைக் காயத்தின் விளைவு என்று நினைத்துவிடுவோம். இளைப்புக்கான சால்புடமால், தைராய்டு மிகுதி இரண்டும் அப்படியே. நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு, மடித்த கை சிறகு போல அடித்துக்கொண்டால், உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் மேலே போகவே கூடாது. கண்ணின் கருவிழி ஓரத்து வளையம், ரத்தத்தில் தாமிரம் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். அது மருந்தில் அடங்கும் நோய். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள நம் பகுதியில் இந்தச் சந்தேகம் கொஞ்சம் அதிகமாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது மருந்து. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா ஹோம்ஸ் நடுக்கத்தில் சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அறுந்த பாதைகளில் ஒன்று டோபமைன் பாதை. ஒரு வாரம் கொடுத்துப் பார்த்துப் 'பலனில்லை' என்று நிறுத்துவது சோதனையே ஆகாது. சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, தாங்கும் அளவில் சில வாரங்கள் வைத்திருக்க வேண்டும். குளோனசெபாம், லெவிடிராசிடாம், டிரைஹெக்சிபெனிடில், புரோப்ரனோலால் என்று அடுத்தடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றையும் எவ்வளவு அளவில், எத்தனை வாரம் கொடுத்தோம் என்பது சீட்டில் இருக்க வேண்டும். அறுவை செய்யும் சென்னைக் குழு முதலில் கேட்பது அதைத்தான். அது எழுதப்படாமல் போனால் எல்லா மருந்தையும் முதலிலிருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், ஆறு மாதம் போய்விடும்.

அவசரமும் கூடாது. தலைக்காய நடுக்கம் முதல் வருடத்தில் தானாகத் தணிவதும் உண்டு. அதனால் காயம் பட்டு ஏறக்குறைய ஒரு வருடமாவது ஆகி, நடுக்கம் கூடாமல் குறையாமல் சில மாதம் நிலைத்த பிறகே கத்தியை நினைக்க வேண்டும்.

மிகவும் கடினமான கேள்வி, கை ஆடுவது நடுக்கத்தாலா, குறி தவறும் தள்ளாட்டத்தாலா என்பது. மூக்கைத் தொடச் சொன்னால், ஒரே தாளத்தில் இப்படியும் அப்படியும் அலைந்து கடைசியில் தொட்டுவிடுவது நடுக்கம். தாளமில்லாமல் தூரம் தவறி, கன்னத்திலும் கண்ணிலும் போய் இடிப்பது தள்ளாட்டம். அறுவை முதலாவதைக் குறைக்கும், இரண்டாவதைத் தொடாது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பார்க்காமல் அனுப்பினால், நடுக்கம் நின்றும் கை பயன்படாமல் போகும். குடும்பம் நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ வந்திருக்கும். இந்த ஏமாற்றத்தைத் தடுப்பதற்காகவே உள்ளூர்த் தேர்வை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ஒரு செல்போன் வீடியோ போதும். கை மடியில் இருக்க அரை நிமிடம், முன்னால் நீட்டி அரை நிமிடம், முழங்கையை மடக்கி விரல்கள் மார்புக்கு முன் எதிரெதிரே இருக்க அரை நிமிடம். பிறகு மூக்குத் தொடல், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றல், காகிதத்தில் சுருள் வரைதல், பெயர் எழுதுதல், நடை. நடுக்கத்தை மதிப்பிடும் வெளிநாட்டு அளவுகோலில் கரண்டியால் உண்பது இருக்கும். நம் ஆட்களுக்குச் சோற்றைப் பிசைந்து கவளம் எடுத்து வாயில் வைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சையும் அதே வீடியோவில் பதிய வேண்டும், விழுங்கும்போது புரையேறுகிறதா என்பதையும் குறிக்க வேண்டும். அறுவைக்குப் பின் பேச்சு குழறினால், அது முன்பே இருந்ததா என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது.

படம் எடுப்பதில் வீணாகும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல. வழக்கமான எம்.ஆர்.ஐ. 5 மி.மீ. துண்டுகளாக, நடுவே இடைவெளி விட்டு எடுக்கப்படுகிறது. நோயறிய அது போதும். அறுவைத் திட்டத்துக்கு உதவாது. தலை முழுவதும் 1 மி.மீ. துண்டுகளாக இடைவெளியில்லாத டி1 வகைப் படம், ரத்தக்குழாய்கள் தெரிய மருந்து செலுத்திய டி1, டி2, பழைய ரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. என்று முதலிலேயே கேட்டு எடுத்தால் பெரும்பாலும் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. நோயாளி கையில் பிலிம் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். சி.டி.யிலோ பென் டிரைவிலோ டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பாகக் கொடுக்க வேண்டும்; திட்டமிடும் மென்பொருள் அதைத்தான் வாங்கும்.

அறுவையில் முக்கியமான வழிகள் இரண்டு. தலாமஸின் ஒரு சின்னப் பகுதியைச் சூட்டால் அழிப்பது ஒன்று. அதே இடத்தில் மெல்லிய மின்முனையை வைத்து, மார்பில் புதைத்த பேட்டரியால் ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பது மற்றொன்று. முன்னது 1950-களிலிருந்து வருவது. பின்னதை 1987-ல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் குழு கொண்டுவந்தது. குறியிடம், தலாமஸுக்குள் சிறுமூளையின் செய்தி வந்து இறங்கும் துணைக்கரு. அறுவைக்கூடத்தில் 'விம்' என்பார்கள். மூளையின் முன்இணைப்பையும் பின்இணைப்பையும் சேர்க்கும் கோட்டின் மட்டத்தில், பின்இணைப்புக்கு 5, 6 மி.மீ. முன்னால், மூளைநீர் நிறைந்த மூன்றாவது மூளையறையின் சுவரிலிருந்து 11 மி.மீ. அளவில் வெளியே இருக்கும். தலாமஸே காயத்தில் சிதைந்திருந்தால் குறியிடம் மாறும். அப்போது, அசைவைக் கட்டுப்படுத்தும் வேறொரு பகுதியான உள் பாலிடம் போன்ற இடங்களைத் தேர்வதும் உண்டு. தோள் வரை ஆடும் நடுக்கத்துக்கு ஒரே மின்முனை போதாமல், சற்று முன்னால் இரண்டாவதை வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

காயம்பட்ட மூளையில் வேலை ஏன் கடினம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மூளை சுருங்கி, அறைகள் விரிந்திருக்கும். நடுக்கோட்டிலிருந்து அளந்தால் கணக்குத் தப்பும், அதனால்தான் அறைச் சுவரிலிருந்து அளக்கிறார்கள். துளை போட்டதும் மூளைநீர் வெளியேறி மூளை உள்ளே சரியும். திட்டத்தில் இருந்த இடம் ஓரிரு மி.மீ. நகர்ந்துவிடும். சுருங்கிய மூளையில் பின்னாளில் மூளையுறைக்கடியில் ரத்தம் தேங்கும் வாய்ப்பும் கூடுதல். முன்பு மண்டையோட்டுத் துண்டை எடுத்து வைத்த அறுவை நடந்திருந்தால் சட்டகத்தின் ஊசி அந்த எலும்புத் துண்டை விட்டு விலகி இறங்க வேண்டும். ஆகவே பழைய அறுவைக் குறிப்பின் நகல் கட்டாயம் கூடப் போக வேண்டும். பக்கவாதக்காரர்கள் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுவார்கள். அறுவைக்கு 7 முதல் 10 நாள் முன்பு நிறுத்த வேண்டும். ஆனால் இதயத்தில் புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு இருதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் அதுவே ஆளைக் கொல்லும். மின்முனை இறங்கும்போது ரத்த அழுத்தம் 140-க்கு மேல் போகாமல் பார்த்தால் ரத்தக்கசிவு குறையும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு பேட்டரிக் குழியில் சீழ் வைக்கும். பிறகு கருவி முழுவதையும் பிடுங்க நேரும்.

அறுவைக்கு நடுவே, நோயாளி விழித்திருக்கும்போதே சோதனை நடக்கும். மின்னோட்டம் கொடுத்ததும் விரலிலும் உதட்டோரத்திலும் கூச்சம் எடுத்து நிலைத்தால் முனை பின்னால் போயிருக்கிறது. முகம் இழுத்து, பேச்சு கனத்தால் வெளிப்புறம். சூட்டு முறையில் முதலில் 45 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் ஏற்றிப் பார்ப்பார்கள். அந்தச் சூட்டில் வரும் மாற்றம் திரும்பிவிடும். நடுக்கம் நின்று, கையும் பேச்சும் சரியாக இருந்தால்தான் 70 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம். சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்க முடியாத அளவுக்கு அறிவாற்றல் அடிபட்டவர்களுக்கு இந்த நிலை கடினம். தேர்வின்போதே இதையும் பார்க்க வேண்டும்.

இரண்டில் எது நல்லது? 2000-ல் வெளியான நெதர்லாந்து ஒப்பீட்டில், பார்க்கின்சன், மரபுவழி நடுக்கம் (எசென்ஷியல் ட்ரெமர்), மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் மூன்றையும் சேர்த்து 68 பேருக்குச் செய்து பார்த்தார்கள். நடுக்கம் அடங்கியதில் இரண்டும் ஏறக்குறைய சமம். பக்கவிளைவு தூண்டலில் குறைவு. அதனால் உலகம் தூண்டலின் பக்கம் சாய்ந்தது. டெல்டாவின் நோயாளிக்கு அதை அப்படியே பொருத்துவது சரியில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். சூட்டு முறையின் பெரிய அபாயம் இரு பக்கமும் செய்யும்போது பேச்சும் விழுங்கலும் கெடுவது. மூளைக்காய நடுக்கமோ பெரும்பாலும் ஒரு பக்கம்தான். ஒரு பக்கம் மட்டும் செய்தால் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. கருவி இல்லை, பல லட்சம் ரூபாய்ச் செலவில்லை, சில வருடத்துக்கொரு முறை பேட்டரி மாற்ற வேண்டியதில்லை, கோடியக்கரையிலிருந்து இரவு பஸ் ஏறிச் சரிசெய்யப் போக வேண்டியதில்லை. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது: ஒருமுறை அழித்தது அழித்ததுதான், ஏற்கெனவே புண்பட்ட மூளையில் இன்னொரு புண், நடையில் தள்ளாட்டம் கூடலாம். இளம் வயதினருக்கும், இரு கையும் நடுங்குபவருக்கும், நோய் இன்னும் வளரும் ஒருவருக்கும் தூண்டலே பொருத்தம். ஆனால் 'பழைய முறை' என்ற ஒரே காரணத்துக்காகச் சூட்டு முறையைச் சொல்லாமலே விடுவது ஏழை நோயாளிக்கு வழியை அடைப்பது.

எந்த முறையானாலும் மரபுவழி நடுக்கத்தில் கிடைக்கும் அளவுக்கு இங்கே பலனை எதிர்பார்க்கக் கூடாது. விரல், மணிக்கட்டு நடுக்கம் நன்றாகக் குறையும். தோள் நடுக்கம் குறைவாகவே அடங்கும். பலவீனம் அப்படியே இருக்கும். 'சட்டை பட்டன் போடலாம், சாப்பிடலாம், மறுபடி நெய்ய முடியுமா என்று இப்போது சொல்ல முடியாது' என்று ஒப்புதல் படிவத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தூண்டல் கருவி வைத்தவருக்கு வேலை அறுவையோடு முடிவதில்லை. மின்முனை இறங்கிய வீக்கத்தாலேயே முதல் சில வாரம் நடுக்கம் அடங்கியிருக்கும், பிறகு திரும்பும். 'அறுவை தோற்றுவிட்டது' என்று குடும்பம் உடைந்துபோவது அப்போதுதான். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஒவ்வொரு மின்முனைத் தொடுபுள்ளியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோ விநாடி என்று வைத்து, மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி, எங்கே நடுக்கம் குறைகிறது, எங்கே கூச்சமோ குழறலோ வருகிறது என்று குறித்து, இடைவெளி அதிகமுள்ள புள்ளியைத் தேர்வார்கள். ஹோம்ஸ் நடுக்கத்தில் முழுப் பலன் தெரியச் சில மாதம்கூட ஆகலாம், அதற்குள் பலமுறை திருத்த வேண்டியிருக்கும். இரவில் கருவியை அணைத்து வைத்தால் பேட்டரியும் நீடிக்கும், மூளை பழகிப்போய்ப் பலன் தேய்வதும் குறையும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு செவிலியர் போதும்.

ஆகவே, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் நடுக்கச் சிறப்புப் பிரிவு வேண்டும். தூண்டல் கருவியின் அளவுகளைத் திருத்தும் புரோகிராமர் என்ற சாதனம் அங்கே இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், இயன்முறை மருத்துவர் ஒருவர் போதும். சில நிறுவனங்களின் கருவிகளைத் தொலைவிலிருந்தே திருத்தலாம். அப்படியானால் அறுவை செய்த குழு காணொளியில் வந்தால் போதும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி எல்லாம் இந்த ஒரு நாளுக்கு அனுப்பலாம்.

கண்டுபிடிக்கும் கண்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை ஊழியர்கள் பக்கவாதக்காரர்களின் வீட்டுக்கே போகிறார்கள். அவர்கள் படிவத்தில் 'புதிதாக நடுக்கம் வந்திருக்கிறதா?' என்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். அதே ஆண்டு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் விபத்தில் சிக்கியவரை முதல் 48 மணி நேரம் தாங்குகிறது. எட்டாவது மாதம் கை நடுங்கத் தொடங்கினால் அவர் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே ஒரு வரி அச்சிடலாம்.

காப்பீட்டில் இந்த அறுவைகளுக்கான தொகுப்பை வகுக்கும்போது சூட்டு முறையையும் தூண்டல் முறையையும் தனித்தனியே எழுதுங்கள். தூண்டலுக்கு அனுமதி தரும்போதே அடுத்த பேட்டரிக்கான வழியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி தீரும் நாளில் நடுக்கம் பழையபடி, சில நேரம் அதைவிடக் கடுமையாகத் திரும்பும். காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி வைக்கும்போது பின்தொடர் பயிற்சியையும் சேர்த்தே கொடுக்கிறது இந்த அரசு. அந்த முறையே இதற்கும் போதும்.

கருவியோடு ஊர் திரும்புபவருக்கு நம் மண்ணுக்கே உரிய எச்சரிக்கைகளும் வேண்டும். நாற்றுக்கட்டையோ நெல் மூட்டையோ தலையில் ஏற்றக் கூடாது. தோலுக்கடியில் காதுக்குப் பின்னால் இறங்கும் கம்பி, கழுத்தில் இழுபட்டு உடையும். வைத்தீஸ்வரன் கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ மொட்டைக்கு வேண்டிக்கொண்டவர்கள் உண்டு; மண்டையோட்டுத் துளையை அடைத்த மூடி புடைத்திருக்கும் இடத்தில் சவரக்கத்தி கீறினால் தோல் திறந்து கிருமி நேராக உள்ளே போகும். காயம் நன்றாக ஆறும்வரை பொறுத்து, அந்த இடத்தைக் காட்டிச் சொல்லி, மெஷினால் மேலோட்டமாக எடுக்கச் சொல்ல வேண்டும். மார்பில் உள்ள பேட்டரியைக் கையால் திருகும் பழக்கத்தாலும் கம்பி முறுக்கி அறுந்திருக்கிறது. வெல்டிங் வேலைக்குத் திரும்பக் கூடாது.

இவற்றிலெல்லாம் பெரிய ஆபத்து டயாதெர்மி. தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் நம் ஊர் பிசியோதெரபி நிலையங்களில் அலைச்சூடு கொடுக்கிறார்களே, அதேதான். பக்கவாதக்காரருக்குத் தோள் உறைந்து வலிப்பது சகஜம், ஆகவே இந்த நோயாளிகள் அங்கே போவது நிச்சயம். அந்த அலையைக் கம்பி வாங்கி மின்முனை நுனிக்குக் கொண்டுபோய் மூளையைச் சுட்டுவிடும். உடம்பில் எங்கே வைத்தாலும் ஆபத்து; கருவி அணைந்திருந்தாலும் ஆபத்து. கோமாவுக்குப் போனவர்களும் இறந்தவர்களும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள். சிறப்புப் பிரிவு தொடங்க நிதியும் ஆளும் வேண்டும், காலம் ஆகலாம். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். இந்த வாரமே அனுப்பலாம். அரசு, தனியார் எல்லா இயன்முறை நிலையங்களின் சுவரிலும் ஒட்டும்படி அதில் இவ்வளவு இருந்தால் சரி: 'டயாதெர்மி வைக்கும் முன் மார்பிலும் தலையிலும் கருவி வைத்திருக்கிறதா என்று கேட்கவும். மூளைத் தூண்டல் கருவி உள்ளவருக்கு எந்த உறுப்பிலும் டயாதெர்மி கூடாது.'

இப்படிக்கு,
காவிரி டெல்டாவில் நரம்பியல், இயன்முறை, செவிலியப் பணிகளில் இருப்பவர்கள்